வாக்குமூலத்தின் மொழி: அம்பாறைக் கரையோரத்தில் இனம், வறுமை, பொலிஸ்

கல்முனையில் கூடியுள்ள இக்கருத்தரங்கு, இனம், வறுமை, பொலிஸ் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒரே சமூகத்தின் மேல் வந்து விழும்போது நேர்வதை ஆராய முற்பட்டுள்ளது. ஸ்டீபன் லோரன்ஸ் என்ற கறுப்பின இளைஞனின் கொலையை லண்டன் பொலிஸ் விசாரித்த விதத்தை ஆராய்ந்து 1999இல் வெளியான மக்பெர்சன் அறிக்கை, 'நிறுவன இனவாதம்' என்ற தொடரைப் பரவலாக்கியது. தனியொரு அதிகாரியிடம் பகைமை இல்லாவிடினும், ஒரு நிறுவனத்தின் வழக்கங்களும் அசட்டையும் ஓர் இனத்தாருக்குக் குறைந்த நீதியையே கிடைக்கச் செய்யும் நிலையை அது குறிக்கும். இலங்கையில் அதன் பிரிகோடு மொழியும் மதமுமாகும்: குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் சோனகர் எனப் பதியப்படும் இக்கரையோர முஸ்லிம் மக்களின் வீட்டுமொழி தமிழ், பொலிஸ் பதிவேடோ பெரும்பாலும் சிங்களத்திலேயே நிரம்புகிறது.

பொலிஸ் சீருடை இக்கரைக்கு முற்றிலும் அந்நியமானது என்று எழுதுவது வரலாற்றுப் பிழையாகும். 1990 ஜூனில் கல்முனை உள்ளிட்ட கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரை விடுதலைப் புலிகள் கொன்றபோது, சிங்களவரோடு முஸ்லிம்களும் மாண்டனர். எனினும், 2018 பெப்ரவரி 26 இரவு, உணவில் 'மலட்டு மாத்திரை' கலந்ததாகக் கிளம்பிய வதந்தியால் அம்பாறை நகரில் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டபோது, அப்பொலிஸிடமிருந்து உரிய காவல் கிடைக்கவில்லை. கிடந்தது மாவுக்கட்டியே என இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் காட்டிற்று. அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின், சாய்ந்தமருதில், சுனாமியால் வீடிழந்தோருக்குக் கட்டப்பட்ட குடியிருப்பில் ஒளிந்திருந்த, தாக்குதலோடு தொடர்புடையோரைப் பற்றித் துப்புக் கொடுத்தவர்கள் அவ்வூரவரே. அதன் பிறகும் சந்தேகம் சமூகம் முழுவதன் மேலும் படர்ந்தது. அவ்வாண்டு மே மாதம் ஹசலக்கவில், சட்டையில் அச்சிட்டிருந்த கப்பல் சுக்கானைத் தர்மசக்கரமாகக் கருதிய பொலிஸார், அதனை அணிந்த முஸ்லிம் பெண்ணை இரண்டு வாரங்களுக்கும் மேலாகச் சிறையில் இருக்கச் செய்தனர்.

இத்தகைய சந்தேகத்துக்குச் சட்டமும் துணைநிற்கிறது: தற்காலிக ஏற்பாடாக 1979இல் வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் அல்லது அவருக்கு மேற்பட்டவர் முன் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்பதோடு, அது வற்புறுத்திப் பெறப்பட்டதெனக் காட்டும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையிலேயே ஏற்றுகிறது. மட்டக்களப்பைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா, தமக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சிட்ட தாளில் பெருவிரலடையாளம் வைத்தார். அத்தாளை வைத்தே 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டதெனக் கண்டது. இத்தனைக்கும், கிழக்கின் நிருவாக மொழி தமிழென அரசியலமைப்பு அத்தாள் தட்டச்சாவதற்கு முன்பே, 1988இல், வகுத்திருந்தது.

வறுமை இங்கேதான் கணக்கில் ஏறுகிறது. வசதியுள்ள வியாபாரி, தாளை வாசித்துச் சொல்லும் சட்டத்தரணியை அன்றிரவே அழைத்துவிடுவார். கரைவலை இழுப்பவருக்கும் மருதமுனையில் தறியில் அமர்பவருக்கும் அந்த வசதி இல்லை. அவர்கள் கொழும்பில் தடுத்துவைக்கப்பட்டால், ஒரு தடவை பார்த்துவர 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ் ஏறும் மனைவிக்கு வழிச்செலவோடு கூலியும் போகும், கடனும் ஏறும். தடுப்புக்காவலின் உச்ச எல்லையை 18 மாதங்களிலிருந்து 12 ஆகக் குறைத்த 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 16ஆம் பிரிவைத் தொடவில்லை. புதிய சட்டம் வரைவோர் அப்பிரிவை நீக்குவதோடு, சந்தேகநபரின் மொழியில் எழுதி அவருக்குப் பிரதி கையளிக்கப்படாத எவ்வாக்குமூலமும் சான்றாகாது என்றும் விதித்தல் வேண்டும்.