விசுவாசத்துக்கு விலை போடுகிறவர்கள்

(மில்லர்புரத்தில் நடந்த படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மத நம்பிக்கை மக்களுடைய அரசியல், சமூகக் கருத்துகளை எப்படி உருவாக்குகிறது என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இந்தத் தலைப்புக்கு ஒரு பதில் ஏற்கெனவே தயாராக இருக்கு. மதம் மக்களை மயக்குது, மயங்கின சனம் தப்பான பக்கம் போகுது, அவ்வளவுதான். நம்ம முற்போக்கு மேடைகள் ரொம்ப நாளாகச் சொல்லிவரும் பதில் இது. எனக்கு இது போதவில்லை. தலித்தாக நின்று பார்க்கும்போது இதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் யாருடைய நம்பிக்கை நம்பிக்கையாக மதிக்கப்படுகிறது? யாருடைய நம்பிக்கைக்கு மட்டும் 'என்ன விலை?' என்று கேட்கிறார்கள்?

தூரமாகப் போகவேண்டாம், நம்ம கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கத்தோலிக்கரானார்கள். முத்துச் சலாபத்தில் போட்டி, கடலில் அடிதடி, கரையில் வரிக்கொடுமை. பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். பாதுகாப்பு கிடைத்தது, ஞானஸ்நானமும் நடந்தது. சவேரியார் இங்கே வந்தது அதற்குப் பிறகு, 1542-ல். இந்தச் சனத்துக்குத் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை என்று அவரே எழுதுகிறார். அதாவது தொடக்கம் ஓர் அரசியல் ஒப்பந்தம். பிழைப்பைக் காப்பாற்ற ஒரு சமூகம் கூடிப்பேசி எடுத்த முடிவு.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அப்படித் தொடங்கியதுதான் ஐந்நூறு வருசத்தை நெருங்குகிற விசுவாசமாக வளர்ந்து நிற்கிறது. பனிமய மாதா கோயிலில் தங்கத்தேர் ஓடுகிற வருசம் எல்லா மதத்துக்காரரும் வந்து வடம் பார்க்கிறார்கள். 'போர்ச்சுகீசியன் படகுக்கு மாறினவங்கதானே' என்று யாரும் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. வயிற்றுக்காகவும் உயிருக்காகவும் எடுத்த முடிவு நேர்மையான நம்பிக்கையாக மாற முடியும் என்பதற்கு நம்ம ஊரே சாட்சி.

இப்போ இன்னொரு ஊருக்கு வாங்க. மீனாட்சிபுரம், தென்காசிப் பக்கம். அன்றைக்கு நாமும் அதே திருநெல்வேலி மாவட்டந்தான். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல். 1981 பிப்ரவரி 19 அன்று அந்த ஊரில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தில் சேர்ந்தன. விசாரிக்கப் போனவர்களிடம் சனங்கள் சொன்ன காரணங்கள் தீண்டாமை, ஆதிக்கச் சாதிகளின் அவமதிப்பு, போலீஸ் தொல்லை. ராத்திரியோடு ராத்திரியாக எடுத்த முடிவல்ல, நாள்கணக்கில் தங்களுக்குள் பேசி எடுத்த முடிவு என்றும் சொன்னார்கள்.

ஆனால் நாடு முழுக்கப் பரவியது வேறு கதை. 'பெட்ரோடாலர்.' அரபு நாட்டுப் பணம் வந்தது, தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு மாறினார்கள். தில்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள், வாஜ்பாயும் வந்தார். பத்திரிகைகள் எழுதின. 1983-ல் விசுவ இந்து பரிசத் நடத்திய ஏகாத்மதா யாத்திரைக்குப் பின்னாலும் மீனாட்சிபுரம் எழுப்பிய பீதி இருந்தது. ஒரு சின்னக் கிராமத்துத் தலித்துகள் எடுத்த முடிவு இந்தியாவின் பொதுப்புத்தியையே திருப்பிப்போடும் கருவியானது. டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்தவன்கூட 'நம்ம இந்துச் சகோதரர்களை விலைக்கு வாங்கிட்டாங்களே' என்று அழுதான். அதுவரை சகோதரன் எங்கே இருந்தான் என்று கேட்க ஆளில்லை.

இந்தப் பொதுக்கருத்து எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்று பாருங்கள். முதலில், தலித்துக்குச் சொந்தப் புத்தி கிடையாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். புத்தி இல்லாதவன் முடிவெடுக்க முடியாது, அதனால் எவனோ வாங்கியிருக்கிறான். வாங்கினவன் வெளிநாட்டுக்காரன், ஆகவே தேசத்துக்கு ஆபத்து. இந்த மூன்று படியும் ஏறிமுடித்த பிறகு தீண்டாமை என்கிற சொல்லே பேச்சிலிருந்து காணாமல் போய்விடும். 'கோதுமைக் கிறிஸ்தவன்', 'பால்பவுடர் கிறிஸ்தவன்' என்று நம்ம தெருக்களைப் பார்த்துச் சொன்னதும் இதே வேலைதான். 2002-ல் தமிழ்நாட்டில் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது அதற்குத் துணை நின்றதும் இதே கருத்துதான். 2004 மக்களவைத் தேர்தலில் தோற்ற பிறகு அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். கருத்தைத் திரும்பப் பெறவில்லை.

இது டீக்கடைப் பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றைக்கும் வெளியே. இடஒதுக்கீடு மட்டுமல்ல விசயம். தனித் தொகுதியில் நிற்க முடியாது. வெட்டுப்பட்டு வந்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. 1982-ல் அரசாங்கம் செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இந்து ஆதிதிராவிடருக்கு உண்டு, கிறிஸ்தவரான சூசைக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். புதிய மதத்திலும் அதே கொடுமை அதே அளவில் தொடருவதை நிரூபிக்கவில்லை என்று 1985-ல் தள்ளுபடி ஆனது. அதே தெருவோரம், அதே தோல், அதே ஊசி. மதம் மாறினதும் கையிலிருந்த செருப்பு வேறொன்றாகிவிட்டதா?

2024 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. புதுச்சேரிப் பெண் ஒருவர் எழுத்தர் வேலைக்காக இந்து பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறார், கோயிலுக்குப் போகிறார், அதனால் கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மதம் சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றும் சொன்னது. தலித் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறார் பாருங்கள். உண்மையாக நம்பினால் உரிமை போகும், உரிமை கேட்டால் மோசடிக்காரர் ஆவார்.

இதனால்தான் நம்ம தெருவில் ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு. பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு, கோயிலுக்கு ஒண்ணு. நான் முன்பு வேலைபார்த்த ஒரு வங்கிக் கிளையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சக ஊழியர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: 'உங்க ஆளுக ஞாயித்துக்கிழமை ஒரு மதம், திங்கக்கிழமை ஒரு மதம்.' நான் கேட்டேன்: 'சார், நீங்க எந்த மதத்துக்கு மாறினா உங்க சாதி போகும்?' பதில் இல்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்துபோனார். ஏழு நாளும் ஒரே பெயரோடு வாழ்வது இந்த நாட்டில் ஒரு சொத்து. அது எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

இனி நம்ம பக்கத்தையும் பேசவேண்டும். இந்துத்துவத்தைத் திட்டிவிட்டுத் திருச்சபையை விட்டுவிட்டால் அது பாதி உண்மை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவில் சாதிச்சுவர் நின்றது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டார்கள். பிணத்தைப் பொதுத்தெருவில் கொண்டுபோகும் உரிமையைக் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். எதிரெதிரே நின்றவர்கள் ஒரே பூசை கண்டவர்கள், ஒரே செபம் சொன்னவர்கள்.

அமெரிக்காவிலும் இதைப் பார்க்கலாம். அடிமை வைத்திருப்பவர் மிசனரி ஆகலாமா என்ற சண்டையில் 1845-ல் தென்மாநில பாப்டிஸ்டுகள் தனியாகப் பிரிந்தார்கள். ரெண்டு தரப்பும் ஒரே பைபிளைத்தான் பிரித்துக் காட்டியது. தென்மாநிலச் சபை அதற்கு மன்னிப்புக் கேட்டது 1995-ல், 150 வருசம் கழித்து. அதே பாப்டிஸ்டு விசுவாசத்திலிருந்துதான் மார்ட்டின் லூதர் கிங்கும் வந்தார்.

ஆகவே நான் சொல்ல வருவது இது. நம்பிக்கை தானாகக் கருத்தை உருவாக்குவதில்லை. இங்கே கருத்தைத் தீர்மானிப்பது சாதி, அந்தக் கருத்துக்குப் பேசும் மொழியைக் கொடுப்பது மதம். சாதிக்குச் சவுகரியமான நம்பிக்கை 'பண்பாடு' ஆகிறது. சாதியை உடைத்துக்கொண்டு வெளியேறும் நம்பிக்கை 'மோசடி' ஆகிறது.

அம்பேத்கர் இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935-ல் இயோலாவில் அறிவித்தார். நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956-ல். நடுவில் 21 வருசப் படிப்பும் யோசனையும். அவருக்கும் முன்னால் 1898-ல் அயோத்திதாசர் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் பெற்றுவந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். மதம் பற்றி இந்த நாட்டில் அதிகம் யோசித்தவர்கள் நாமதான். யோசிக்கத் தெரியாதவர்கள் என்று பேர் வாங்கினதும் நாமதான்.

மாணவத் தோழர்களுக்கு இரண்டு வேலை இருக்கு. ஒன்று, 'என்ன வாங்கிட்டு மாறினான்?' என்று கல்லூரியில் எவனாவது கேட்டால், 'எதைத் தாங்கமுடியாமப் போனான்?' என்று திருப்பிக் கேளுங்க. அந்தப் பேச்சைத் தீண்டாமைக்குத் திரும்பக் கொண்டுவராமல் விடாதீங்க. இரண்டாவது, மூன்றாம் பத்தி. மதம் பார்க்காமல் பட்டியல் சாதித் தகுதி தரவேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு இன்னொரு ஆணையம் போட்டது. ஆணையத்துக்கு மேல் ஆணையம் போட்டால் சனம் மறந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

மறக்காமல் இருக்க வழி, எழுதி வைப்பது. உங்க தெருவில் ரெண்டு பேரோடு வாழ்பவர்களிடம் போய் உட்காருங்க. எந்த வருசம், எந்த ஆபீசில், எந்தக் கவுண்டரில் எந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது என்று கேட்டு எழுதுங்க. அவர்கள் சம்மதித்தால் மட்டும், பெயர் போடாமல் எழுதுங்க. அந்த நோட்டுகளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாங்க, அதிலிருந்து பேசுவோம்.

ஜெய்பீம்.