பழுதான கருவியும் பழகிய கைகளும்



மருத்துவமனை என்றதும் மருத்துவரும் தாதியும் மருந்தும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அங்குள்ள கருவிகளை ஓட வைக்கும் தொழில்நுட்பரை யாரும் நினைப்பதில்லை. ஆனால், மூச்சுத் திணறலோடு வரும் முதியவருக்குப் பொருத்திய கருவி ஓடவில்லை என்றால், மருத்துவர் பக்கத்தில் இருந்தும் அவருடைய கைகள் கட்டப்பட்டது போலத்தான்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். தஞ்சோங் காராங்கில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அதற்கும் வடக்கே சபாக் பெர்ணமில் தெங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ போக வேண்டும். புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு அது நீண்ட பயணம். சிறிய மருத்துவமனையில் ஒரு கருவி நின்றுவிட்டால், நோயாளிதான் அலைய வேண்டியிருக்கிறது.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமாரம் 1917ஆம் ஆண்டில் உருவானது இந்த வட்டாரத்தில்தான். அந்தக் காலத்தில் பெரிய தோட்டங்களுக்குச் சொந்த மருத்துவமனை இருந்தது. சிறிய தோட்டங்கள் சில சேர்ந்து ஒன்றை நடத்தின. அங்கே எல்லாமே டிரெசர்தான். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்தது. அதனால் டிரெசரின் படிப்புக்கும் வேலைக்கும் ஒரு மதிப்புக் கிடைத்தது. ஆனால் கருவியைப் பழுது பார்க்கும் வேலைக்கு அப்படி ஓர் அந்தஸ்து கிடைக்கவில்லை. அது யாரோ ஒருவர் போகிற போக்கில் செய்யும் வேலை என்றே கருதப்பட்டது. அந்த எண்ணம் இன்றும் முழுமையாகப் போகவில்லை.

நாட்டில் 1997ஆம் ஆண்டு ஒரு மாற்றம் வந்தது. அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, கழிவகற்றல், கட்டடப் பராமரிப்பு ஆகியவற்றோடு மருத்துவக் கருவிப் பராமரிப்பும் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டில் மருத்துவச் சாதனச் சட்டம் நிறைவேறியது. இவற்றால் இந்தத் துறை ஒரு முறையான தொழிலாக வளர்ந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு வேலையும் உருவானது.

கருவிகள் ஏன் நின்று போகின்றன? வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வராததால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் மால்கினும் கீன் என்பவரும் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. வசதி குறைந்த 11 நாடுகளில் 60 மருத்துவமனைகளிலிருந்து வந்த 2,849 கோரிக்கைகளை அவர்கள் ஆராய்ந்தனர். பழுதான கருவிகளில் 72 விழுக்காடு, இறக்குமதி உதிரிபாகம் எதுவுமின்றி மீண்டும் ஓடின. மின்சாரம், இயந்திரம், மின்வழங்கி, குழாய், மோட்டார், கருவியை நிறுவிப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தல் என்ற ஆறு பிரிவுகளில் 107 திறன்கள் தெரிந்தாலே, மூன்றில் இரண்டு பங்கு கருவிகளைச் சரி செய்துவிடலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

அந்தத் திறன்கள் எப்படிப்பட்டவை? 2021ஆம் ஆண்டில் கோவிட் கிள்ளான் பள்ளத்தாக்கை உலுக்கியபோது, உயிர்வாயு செறிவூட்டி பலருக்கும் அறிமுகமானது. காற்றை இழுக்கும் வடிகட்டியில் தூசி அடைத்துவிட்டால் அந்த இயந்திரம் சூடேறும், திணறும். வடிகட்டியைக் கழுவிக் காயவைத்துப் போடுவது எளிய வேலை. ஆட்டோகிளேவில் நீராவி கசிந்தால், பெரும்பாலும் கதவின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். இரத்த அழுத்தக் கருவி தவறாகக் காட்டினால், முதலில் காற்றுக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலோரத்து ஈரப்பதமும், இடி மின்னலோடு வரும் மின்னழுத்த ஏற்றமும், பெட்டிக்குள் புகும் எறும்பும் நம் வட்டாரத்துக்கே உரிய எதிரிகள்.

இருந்தாலும் ஓர் எச்சரிக்கை தேவை. வானொலிப் பெட்டியைத் திறந்தவரெல்லாம் மருத்துவக் கருவியைத் திறந்துவிடக் கூடாது. கருவி மீண்டும் ஓடினால் மட்டும் போதாது. அது காட்டும் அளவு சரியா, மின்கசிவு இருக்கிறதா என்று சோதித்து, பதிவேட்டில் எழுதிய பிறகுதான் நோயாளியிடம் கொண்டு போக வேண்டும். அதற்குத்தான் முறையான பயிற்சி வேண்டும் என்பது.

இந்தப் பயிற்சி தூரத்தில் இல்லை. ஷா ஆலாமில் உள்ள சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் ஷா பாலிடெக்னிக், மருத்துவ மின்னணுவியல் படிப்புக்குப் பெயர் பெற்றது. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை. செம்பனை ஆலையில் பம்பையும் வால்வையும் மோட்டாரையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேலையின் பாதி ஏற்கெனவே கைவந்த கலை. மீதிப் பாதியைப் படிப்பு தரும்.

தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம், கருவிகளை வாங்குவதோடு நின்றுவிடாமல் அவற்றின் பராமரிப்பையும் கவனிக்கிறது. வாங்குவதும் பேணுவதும் ஒரே பொறுப்பின் இரண்டு பக்கங்கள் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

நம் ஆலயங்களும் இயக்கங்களும் கருவிகளை அன்பளிப்பாகக் கொடுக்கின்றன. நோயாளிகளின் வீடுகளுக்கு இரவல் தருகின்றன. பாராட்டத்தக்க பணிதான். ஆனால் மாலை போட்டுப் படம் எடுத்த அன்றே, அந்தக் கருவியை மாதந்தோறும் பார்க்கப் போவது யார் என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும். கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, வட்டாரத்துப் பிள்ளை ஒருவரின் பயிற்சிக்கு ஒதுக்கலாம். கருவி சில ஆண்டுகள் உழைக்கும். கற்றுக்கொண்ட கைகள் ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எஸ்.பி.எம். முடித்த பிள்ளை இருந்தால், இந்தத் தொழிலைப் பற்றி இன்றே பேசிப் பாருங்கள்.