சர்க்கார் வாயில் கட்சிப் பேச்சு

(பொதுக்கூட்டமொன்றில் பேசியது)



பூசாரி தனக்கு ஆட்டுக்கறி வேண்டுமென்று கேட்டால் ஒருவனும் கொடுக்கமாட்டான். ஆகையால் அவன் "சாமி ஆடு கேட்கிறது" என்கிறான். ஆளுங்கட்சியார் சர்க்கார் இலாகாக்களின் பெயரால் செய்துகொள்ளும் பிரசாரமும் இந்தத் தந்திரமே தவிர வேறல்ல.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். செலவுக்குப் பணம் ஒதுக்கும் மசோதா நிறைவேறாததால், 2025-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி முதல் 43 நாள் அங்கே சர்க்கார் வேலை முடங்கிற்று. அச்சமயம் வீட்டு வசதி இலாகாவின் இணையதளத்தைத் திறந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது, தீவிர இடதுசாரிகளே இதற்குக் காரணம் என்னும் வசைதான்! கல்வி இலாகாவிலோ இதைவிட மோசம். சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிப்பந்திகளின் மின்னஞ்சலில் தானாகப் போகும் பதிலை, அவர்களைக் கேளாமலே மாற்றி, டெமாக்ரட் செனட்டர்கள்தான் காரணமென்று அவர்கள் பெயராலேயே பேசவைத்தார்கள். சிப்பந்திகள் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. இது பேச்சுரிமைக்கு விரோதமென்று நவம்பர் 7-ந் தேதி வாஷிங்டன் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள்.

தோழர்களே! சம்பளம் கொடுத்து ஒருவன் உழைப்பை வாங்கலாம். அவன் நாக்கையும் வாங்கலாமா? தான் எண்ணாததைத் தன் பெயரால் சொல்லவைப்பதைவிட ஒரு மனிதனுக்குச் சுயமரியாதைக் கேடு வேறென்ன?

"ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தானே இவர்கள் வந்தார்கள்? இவர்கள் கொள்கையை இலாகா சொன்னாலென்ன?" என்று சிலர் கேட்கலாம். தாராளமாகச் சொல்லட்டும். சட்டம் என்ன மாறிற்று, உதவிப்பணம் எங்கே கிடைக்கும், பள்ளிக்கூடம் என்று திறக்கும் என்பவற்றை இலாகா சொல்லட்டும். எவன் யோக்கியன், எவன் அயோக்கியன் என்பதைக் கட்சி தன் சொந்தக் காசில் சொல்லிக்கொள்ளட்டும். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவனும் வரி கொடுக்கிறான். அவன் காசிலேயே அவனை வைவது எந்த ஊர் நியாயம்? இன்று கட்சி பேசிய வாய் நாளை வெள்ளம் வருகிறதென்று சொன்னால், பாதி ஜனங்கள் அதையும் கட்சிப்பேச்சென்றே தள்ளிவிடுவார்கள். அதனால் சாகிறவன் ஏழைதான்.

சட்டம் இல்லாமலில்லை. அமெரிக்காவில் உத்தியோகஸ்தர்களின் கட்சி வேலையைத் தடுக்க 1939-லேயே ஹாட்ச் சட்டம் வந்தது. நம் நாட்டில் மத்திய சர்க்கார் ஊழியர் அரசியலில் ஈடுபடக்கூடாதென்று 1964-ம் வருஷத்து நடத்தை விதிகள் சொல்லுகின்றன. சர்க்கார் விளம்பரம் கட்சிச் சார்பற்றதாக இருக்கவேண்டுமென்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிற்று. ஆனால் கேட்க ஆளில்லாவிட்டால் சட்டம் வெறுங் காகிதமே.

ஆகவே, எந்தக் கட்சி ஆண்டாலும், நீங்கள் ஓட்டுப் போட்ட கட்சியே ஆண்டாலும், இலாகாவின் பெயரால் கட்சி வசையோ கட்சிப் புகழோ வந்தால், "இது யார் காசு?" என்று கேளுங்கள். சாமி ஆடு கேட்கிறதென்று சொன்னபோது, கேட்பது சாமியா பூசாரியா என்று விசாரித்தவர்கள் நாம். அந்த விசாரணையை இங்கேயும் நடத்தவேண்டும்.