ஒரு செவிக்கு உரைத்தவை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் கற்பிக்கும் ஒருத்தி மேலைநாட்டு இசையைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். அத்துறையில் எனக்குப் புலமை இல்லை. கேட்கும் பழக்கம் மட்டுமே உண்டு. ஆயினும் கவிஞர்கள் கூடியிருக்கும் இந்த அவையில் அதனைப் பேசுவதற்குக் காரணம் ஒன்று உண்டு.

மேலைச் செவ்வியல் இசையில் 'அறை இசை' என்றொரு வகை இருக்கிறது. பல பத்துக் கருவிகள் முழங்கும் பேரரங்கிற்கு உரியதன்று அது. ஒரு வீட்டின் கூடத்தில் இருவரோ மூவரோ நால்வரோ நெருங்கி அமர்ந்து வாசிப்பதற்கென்று பிறந்தது. கோல் பிடித்து நடத்துபவர் அங்கு இல்லை; ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டே வாசிக்க வேண்டும்.

நம் வட்டமும் ஒரு வீட்டின் கூடத்தில் தொடங்கியதுதான். பத்தாண்டுகளுக்கு முன்பு பாய் விரித்து அமர்ந்தவர்கள் பதினொரு பேர். இன்று நமக்கு அரங்கு உண்டு, ஒலிபெருக்கி உண்டு, கைதட்டும் அவை உண்டு. இவ்வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்தக் கூடத்தில் தாழ்ந்த குரலில் படிக்கப்பட்ட கவிதைகள் எங்கே போயின என்னும் கேள்வி சில ஆண்டுகளாக என்னை உறுத்தி வருகிறது. நம் காலத்து இசையாக்குநர் சிலருக்கு அவர்களுடைய மிகச் சிறிய படைப்புகள் எங்கிருந்து பிறந்தன என்பதைக் கண்டால், இக்கேள்விக்கு ஒரு விடை கிடைக்கக்கூடும்.

முதலில் ஆர்வோ பேர்ட். எஸ்டோனியா நாட்டில் 1935ஆம் ஆண்டு பிறந்தவர். சிறுவயதில் அவர் பழகிய பியானோவின் நடுப்பகுதி பழுதுபட்டிருந்ததால், மேல் ஓரத்துச் சுரங்களையும் கீழ் ஓரத்துச் சுரங்களையுமே மிகுதியும் வாசித்தார் என்பர். சோவியத் ஆட்சிக் காலமாகிய 1968இல், 'கிரெடோ' என்னும் அவருடைய படைப்பு சமய நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்தமையால் ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாயிற்று. அதன்பின் ஏறத்தாழ எட்டாண்டுகள் அவர் மிகக் குறைவாகவே எழுதினார். பழங்காலக் கிறித்தவத் துறவியரின் ஒற்றைக் குரற் பாடல்களைப் பயின்றார். ஒரு சுரத்தின்பின் மற்றொரு சுரம் ஏன் வரவேண்டும் என்பதை அடியிலிருந்து தேடினார்.

1976இல் அந்த மௌனம் கலைந்தது. முழங்கும் பெரும்படைப்பு எதனையும் கொண்டு அவர் திரும்பி வரவில்லை. இரண்டே பக்கங்களில் அடங்கும் ஒரு பியானோ இசை, பெயர் 'அலீனாவுக்காக'. குடும்ப நண்பர் ஒருவரின் மகள் அலீனா. அவள் இங்கிலாந்துக்குச் சென்றுவிட்டாள். தாய் எஸ்டோனியாவில் இருந்தார். சோவியத் எல்லையைக் கடந்து ஒருவரையொருவர் கண்டு வருவது அந்நாளில் எளிய செயலன்று. மகளின் பெயர் தாங்கிய அவ்விசை, மகளைப் பிரிந்த தாய்க்கு ஆறுதலாக எழுதப்பட்டது.

அதன் அமைப்பு மிக எளியது. வலக்கை மெட்டை வாசிக்க, இடக்கை மூன்றே சுரங்களுக்குள் நின்று துணை செய்கிறது. இரண்டு சுரங்கள், பிறகு மூன்று, பிறகு நான்கு என்று எட்டு வரை ஒவ்வோர் அடியும் வளர்ந்து, வந்த வழியே சுருங்குகிறது. தாளக்கணக்கு இல்லை. வாசிப்பவர் தம் உள்ளே செவிசாய்த்து வாசிக்க வேண்டும் என்னும் குறிப்பு மட்டும் உண்டு. ஓரிடத்தில் இடக்கை தனக்குரிய மூன்று சுரங்களை விட்டு விலகுகிறது. இசையேட்டில் அவ்விடத்தில் பேர்ட் சிறு பூ ஒன்றை வரைந்திருக்கிறார்.

தமிழ் மாணவர்க்கு இந்தச் சூழல் புதிதன்று. மகட்போக்கிய தாயின் இரக்கம் நம் பாலைத்திணையின் தனிச் செல்வம். அலீனா சென்றது உடன்போக்கன்று என்பது உண்மையே. ஆனால் வெறிச்சோடிய முற்றத்தைப் பார்த்து நிற்கும் தாயின் நிலை ஒன்றுதான். ஒரு வேறுபாடும் இங்கே நோக்கத்தக்கது. அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. நெடுநல்வாடையில் பெயரே இல்லாதபோதும், பாண்டியரின் அடையாளமாகிய வேம்பு வேலில் சூட்டப்பட்டிருப்பதைக் கொண்டு அதனைப் புறம் என்றார் நச்சினார்க்கினியர். பேர்ட் தம் இசையின் தலைப்பிலேயே பெயரை எழுதிவிட்டார். எனினும் ஒலியில் அப்பெயர் இல்லை. கேட்கும் தாயர் அனைவரும் அதில் தத்தம் மகளின் பெயரை எழுதிக்கொள்ளலாம். நேர் எதிரான வழியில் நடந்து அவரும் அகத்தையே அடைந்தார் என்று தோன்றுகிறது.

இவ்விடத்தில் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மகள் மேற்படிப்புக்காகக் கடல்கடந்து சென்ற ஆண்டில், அவளைப் பற்றி நாற்பது வரிகளில் ஒரு கவிதை எழுதி, கவியரங்கம் ஒன்றில் படித்தேன். எதுகை விழுந்த இடங்களிலெல்லாம் கைதட்டல் எழுந்தது. மூன்று அடிகளைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். அன்றிரவு தொலைபேசியில் அதனை அவளுக்கும் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அம்மா, இது எனக்கு எழுதினதா, அவங்களுக்கு எழுதினதா?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. அடுத்த வாரம் அவள் அனுப்பியதுதான் இந்த அலீனா இசைப்பதிவு.

'அலீனா' என்னும் பெயரிலேயே 1999இல் இ.சி.எம். நிறுவனம் வெளியிட்ட தட்டு அது. அதில் இருப்பவை இரண்டே படைப்புகள். வயலினுக்கும் பியானோவுக்குமாக 1978இல் எழுதப்பட்ட 'கண்ணாடிக்குள் கண்ணாடி' மும்முறை வருகிறது; அவற்றுள் நடுவில் வருவதில் வயலினுக்கு மாற்றாகச் செல்லோ ஒலிக்கிறது. இடையிடையே 'அலீனாவுக்காக' இருமுறை. இரண்டு பக்க இசையை அலெக்சாந்தர் மால்ட்டர் பல மணி நேரம் விரித்து வாசிக்க, அதிலிருந்து இரு பகுதிகளைப் பேர்ட் தேர்ந்தெடுத்தார். 'கண்ணாடிக்குள் கண்ணாடி'யிலும் மெட்டு ஒரே ஒரு சுரத்தை வீடாகக் கொள்கிறது. ஒவ்வொரு முறையும் ஓரடி கூடுதலாகச் சென்று, மீண்டும் அச்சுரத்துக்கே திரும்புகிறது. இல்லம் திரும்பும் மகளைத் தவிர எனக்கு அதில் வேறொன்றும் கேட்கவில்லை.

இரண்டாமவர் கியோர்கி குர்டாக். 1926இல் பிறந்த அங்கேரிய இசையாக்குநர். 1957இல் பாரிசு நகருக்குச் சென்றபோது, இனி எழுத இயலுமா என்னும் கடும் மனச்சோர்வு அவரைப் பற்றியிருந்தது. மரியான் ஸ்டைன் என்னும் உளவியலார் அவருக்குத் தந்த அறிவுரை மிக எளியது: பெரிதாக எதையும் எண்ண வேண்டாம், இரண்டு சுரங்களை இணைத்துப் பாருங்கள் என்பதே அது. அந்நாட்களில் அவர் தீக்குச்சிகளையும் தூசித் துணுக்குகளையும் சேர்த்துச் சிறுசிறு வடிவங்கள் செய்து கொண்டிருந்தாராம். ஊர் திரும்பி 1959இல் அவர் எழுதிய, நான்கு நரம்புக் கருவிகளுக்கான இசையே அவருடைய முதல் எண் பெற்ற படைப்பு. அதற்குமுன் எழுதியவை பல இருந்தும் இதற்கே அந்த எண்ணைத் தந்தார். அதனை ஸ்டைன் அவர்களுக்கே உரிமையாக்கினார்.

1973இல் அவர் தொடங்கிய 'விளையாட்டுகள்' என்னும் பியானோத் தொகுதி குழந்தைகளுக்காகப் பிறந்தது. உள்ளங்கையாலும் முன்கையாலும் கட்டைகளை அழுத்தி ஒலியை அறியும் குழந்தையின் துணிவே அதன் ஊற்று. பின்வந்த பகுதிகளுக்கு அவர் இட்ட துணைத்தலைப்பு 'நாட்குறிப்புகள், தனிச்செய்திகள்'. நண்பருக்கு வாழ்த்து, மறைந்தவருக்கு அஞ்சலி எனப் பெரும்பாலானவை ஒருவரை நோக்கியவை. சில, அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

அவற்றை அவரும் பியானோக் கலைஞராகிய அவர் துணைவியார் மார்ட்டாவும் ஒரே பியானோவில் வாசித்த பதிவு 1997இல் வெளிவந்தது. இடையே பாக்கின் இசையை நான்கு கைகளுக்கு மாற்றியும் வாசித்தார்கள். சுவரோரம் வைக்கும் சிறு பியானோவில், அயலாருக்கு இடையூறு வராமல் பயிற்சி செய்வதற்கென்று ஒரு மிதி உண்டு. அதனை அழுத்தினால் கம்பிகளின்முன் துணிப்பட்டை தாழ்ந்து ஒலி மங்கும். பெரிய அரங்குகளிலும் அவ்விருவரும் அந்த மங்கிய ஒலியையே தேர்ந்தார்கள். அவை தம்மிடம் வரும்படி செய்தார்கள். அவையை நோக்கி உரத்து அழைக்கவில்லை. 1947இல் மணந்த அவ்விருவரையும் 2019இல் மார்ட்டாவின் மறைவு பிரித்தது. நான்கு கைகளும் குறுக்கிட்டு வாசிக்கும் அப்பதிவை இன்று கேட்கையில் இல்லறத்தின் ஒலிவடிவம் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாவதாக ஒரு பெண்மணியைக் குறிப்பிட்டு அமைகிறேன். 1982இல் பிறந்த அமெரிக்கர் கரோலின் ஷா. ஐடன் எழுதிய நால்வர் இசை ஒன்றைக் கேட்டபோது, அதில் வந்த ஒரு மெல்லிய திருப்பம் அவர் மனத்தில் தங்கியது. அதிலிருந்து 2011இல் 'ஆன்ட்ராக்ட்' பிறந்தது. மற்றொன்று வலென்சியா என்னும் ஆரஞ்சுப் பழத்திலிருந்து பிறந்தது. இவை அடங்கிய 'ஆரஞ்சு' என்னும் தட்டினை 2019இல் அட்டாக்கா நால்வர் குழு வெளியிட்டது. தூண்டுதல் பெரிதாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் எதுவுமில்லை; ஒரு பழம் போதும்.

அன்பர்களே, கவியரங்கை நான் பழிக்கவில்லை. அகம் நமக்கு எத்துணை உரியதோ, புறமும் அத்துணை உரியது. ஊர் கூடிக் கேட்க வேண்டிய பாட்டு ஊர் கேட்கத்தான் ஒலிக்க வேண்டும். நான் அஞ்சுவது, ஒருவருக்குச் சொல்ல வேண்டியதையும் ஊருக்குச் சொல்லும் குரலிலேயே சொல்லப் பழகிவிட்டோமோ என்பதைத்தான். கைதட்டல் எங்கே விழும் என்று எழுதும்போதே அறிந்த கை, பூ வரையும் இடத்தைத் தவறவிடும்.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டில் திங்களுக்கு ஒருமுறையேனும் ஒலிபெருக்கி இல்லாமல், யாரேனும் ஒருவர் வீட்டுக் கூடத்தில் கூடுவோம். படிக்கும் கவிதை எவருக்காக எழுதப்பட்டது என்பதைக் கவிஞர் தம் மனத்தளவில் அறிந்திருக்கட்டும். பெயர் சொல்ல வேண்டியதில்லை. கைதட்ட வேண்டாம். முதற்கூட்டத்தை என் இல்லத்தில் நடத்த அழைக்கிறேன்.

என்னுடைய அந்த நாற்பது வரிகளில் முப்பத்தாறை அடித்துவிட்டேன். எஞ்சிய நான்கையும் மகளுக்கு அனுப்பினேன். அவற்றை இங்கே படிக்கப் போவதில்லை; அவை அவளுடையவை.