இடிக்க முன் ஒரு படம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ முழங்கால் வலியைப் பற்றியோ பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அது இல்லை. கடந்த மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் சங்கத்தைச் சேர்ந்த ஒன்பது பேர் கமராவும் கைத்தொலைபேசியுமாகப் பருத்தித்துறைக்குப் போய்வந்த கதையைச் சொல்லப்போகிறேன்.

விடிய ஆறு மணிக்கே யாழ்ப்பாணத்தில் வானில் ஏறிவிட்டோம். காலை வெயில் சரிந்து விழும்போதுதான் தூணின் செதுக்கலும் சுவரின் மேடு பள்ளமும் படத்தில் தெரியும். வெயில் உச்சிக்கு ஏறினால் எல்லாம் தட்டையாகிவிடும்.

முதலில் தெருமூடி மடம். பெயரே விளக்கம். இரு பக்கமும் திண்ணையும் கல்தூண்களும், மேலே கூரை, நடுவே வீதி. நடந்து வந்தவரும் சுமை கொண்டு வந்தவரும் இளைப்பாறக் கட்டியது. இன்று அதற்குள்ளால் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் போகின்றன. நாங்கள் திண்ணையில் ஏறி இருந்தோம். வெளியே வெயில் சுட்டது. உள்ளே கல் குளிர்ந்து கிடந்தது. எங்களில் மூத்த அக்கா படம் எடுப்பதை விட்டுவிட்டுச் சும்மா இருந்தா. “இதுக்குத்தானே கட்டினவை” என்றா.

பிறகு ஒழுங்கைகளுக்குள் இறங்கினோம். சில வாசல்களில் இன்னும் சங்கடப்படலை நிற்கிறது. படலைக்கு மேலே ஒரு சிறு கூரை. மழைக்கும் வெயிலுக்கும் வழிப்போக்கர் ஒதுங்கலாம். தாகத்துக்குத் தண்ணீரும் அங்கே வைத்திருப்பார்கள். உள்ளே நாற்சார் வீடு: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிவர விறாந்தை, பீலி ஓடு, வைரமேறிய பனஞ்சிலாகை, சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர். சூடேறிய காற்று முற்றத்தால் மேலே போய்விடும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது. அதற்கு மேல் சீமெந்து பூசிய இடங்களில் பூச்சு பொருமி உதிர்வதையும் படம் எடுத்தோம்.

பூட்டியிருந்த ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எங்களைக் கண்டதும் கேட்டா: “பிள்ளையள், வீடு இடிக்கப் போகினமோ?”

“இல்லையம்மா, சும்மா படம் எடுக்க வந்தனாங்கள்.”

“அடுத்த வளவுக்கும் இப்பிடித்தான் படம் எடுக்க வந்தவை. அடுத்த மாசம் வீடு இல்லை.”

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் எங்கள் அம்மம்மாவின் வீட்டை இடிக்கச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தவளே நான்தான். 2011ஆம் ஆண்டு. கூரையில் பாதி விழுந்திருந்தது. சகோதரங்கள் எல்லாம் வெளிநாட்டில். திருத்தக் காசும் இல்லை, ஆளும் இல்லை. அந்த முடிவு பிழை என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். இடிக்க முன் ஒரு படம்கூட எடுக்காததுதான் பிழை. போன வருடம் மகளுக்கு அந்த வீட்டைக் கீறிக் காட்ட வெளிக்கிட்டேன். விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு இரண்டு படி என்று நான் சொல்ல, ரொறன்ரோவிலிருக்கும் அக்கா மூன்று என்று தொலைபேசியில் சண்டை பிடித்தா. தீர்ப்புச் சொல்ல ஒருவரும் இல்லை. அம்மம்மாவும் இல்லை, படியும் இல்லை.

தோழியரே, பழைய வீடுகளை இடிக்கவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. உயர்ந்த வாசற்படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அம்மாமாரைப் பார்க்கிறவள் நான். குளியலறை வீட்டோடு இருக்கவேண்டிய வயது எல்லோருக்கும் வரும். திருத்தக்கூடிய வீட்டைத் திருத்துங்கள். முடியாவிட்டால், கையெழுத்து வைக்க முன் ஒரு காலை நேரத்தை அந்த வீட்டுக்குக் கொடுங்கள்.

நல்ல கமரா தேவையில்லை, கைத்தொலைபேசி போதும். வீதியிலிருந்து வீட்டை முழுதாக எடுங்கள். முற்றத்தின் நாலு மூலையிலும் நின்று எடுங்கள். கதவு, தூண், கூரையின் உட்பக்கம், குசினி, கிணறு எதையும் விடாதீர்கள். அளவு தெரிய ஒரு குடையைப் பக்கத்தில் சாத்தி வையுங்கள். அறைகளின் நீள அகலத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த அறையில் யார் பிறந்தார், நெல் எங்கே இருந்தது என்று வீட்டில் மூத்தவரைக் கேட்டு எழுதுங்கள். நோயாளியிடம் நாங்கள் முதலில் கேட்பதும் கதையைத்தான், சோதனைகள் பிறகுதான்.

இதை நான் முக்கியமாக வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பலவற்றின் திறப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது. வர முடியாவிட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள். ஒன்பது பேர் இருக்கிறோம்; சனிக்கிழமைகளில் வருவோம்.

வரும்போது படிகளையும் எண்ணிவைப்போம்.