தீபாவளித் துணியும் சம்பள நாளும்

உலு சிலாங்கூரில் பத்தாங் காலி தொடங்கி மேற்கே கோல சிலாங்கூர் வரை உள்ள தோட்டப்புறங்களில், பிள்ளைகளுக்கான பண்டிகைப் பரிசு என்றால் அது முதலில் தீபாவளித் துணிதான். பையனுக்குச் சட்டையும் காற்சட்டையும், இல்லையென்றால் ஜிப்பா. பெண்ணுக்குப் பாவாடை சட்டை அல்லது பஞ்சாபி உடை. கூடவே காலணி, வளையல், பொட்டு. விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு, ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுத்துணியைப் பெரியவர்கள் கையால் வாங்கி உடுத்துவது வழக்கம். சைக்கிள், விளையாட்டுச் சாமான், கைப்பேசி எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை. ஆட்டிறைச்சியைக் குறைக்கலாம், பலகாரத்தில் இரண்டு வகையை விட்டுவிடலாம். பிள்ளையின் துணியில் கைவைக்க மட்டும் பெற்றோருக்கு மனம் வராது. அதனால் இந்தச் செலவைக் கணக்கிடும்போது, எவ்வளவு செலவாகிறது என்பதோடு, அந்தப் பணம் எந்த வாரத்தில், எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்த வட்டாரம் பழைய தோட்ட வட்டாரம். கோல சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. சுற்றிலும் நெடுங்காலம் ஆட்சி செய்தது ரப்பர். பால்மரத் தொழிலாளியின் ஒரு நாள் கூலி ஐம்பது, அறுபது காசாக இருந்த காலத்தில், 1941-இல், கிள்ளானில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவியது. கூலி உயர்வோடு பிள்ளைகளின் படிப்புக்கான வசதியும் அன்று கேட்கப்பட்ட கோரிக்கைகளில் ஒன்று. கையில் காசு புழங்காத அந்த நாட்களில் தீபாவளித் துணி பெரும்பாலும் கடனில்தான் வந்தது. சைக்கிளில் மூட்டை கட்டி லயத்துக்கு வரும் துணிக்காரர் அளந்து கொடுத்துவிட்டுப் பெயரைக் குறித்துக்கொள்வார். சம்பள நாளன்று வந்து வசூலிப்பார். தோட்டத்துக் கடையின் கணக்குப் புத்தகமும் அப்படித்தான் இயங்கியது. துணிக்காரர் இன்று இல்லை. துணியை முதலில் வாங்கி, கடனைப் பிறகு சம்பளத்தில் கழிக்கும் அந்த வரிசை மட்டும் மாறாமல் நிற்கிறது.

இன்றைய சம்பளத்தை எடுத்துக்கொண்டால், நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கியது. 2022 மே மாதம் 1,500 ஆனது. 2025 பிப்ரவரி முதல் 1,700. இதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போகும். சொக்சோவும் வேலை காப்புறுதியும் போக, வீட்டுக்கு வருவது ஏறக்குறைய 1,500 ரிங்கிட். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் ஒரு நாள் உழைப்பின் மொத்த மதிப்பு 65 ரிங்கிட். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒவ்வொருவருக்கும் துணிக்கும் காலணிக்கும் சேர்த்து நூறு ரிங்கிட் ஒதுக்கினால், அந்த மாதம் கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே தீர்ந்துவிடும். நூறு ரிங்கிட் என்பது தாராளமான தொகையும் அல்ல. ரவாங் கடைகளிலும், கிள்ளான் லிட்டல் இந்தியாவிலும், கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா சாலையிலும் தீபாவளி நெரிசலில் துணி எடுத்த எந்தப் பெற்றோருக்கும் அது தெரியும். பண்டிகைக் காலத்தில் அரசு விலைக் கட்டுப்பாடு கொண்டுவருகிறது. ஆட்டிறைச்சி, தேங்காய், சின்ன வெங்காயம், பருப்பு போன்ற உணவுப் பொருள்கள் அதில் அடங்கும். பிள்ளைகளின் துணி அந்தப் பட்டியலில் இல்லை.

சம்பளத்தின் அளவைவிட அது வரும் நாள் பெரிய சிக்கல். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்தால் போதும். தீபாவளியோ ஒவ்வோர் ஆண்டும் இடம் மாறும். 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. நவம்பர் நடுவில் வந்தால் அக்டோபர் சம்பளம் முழுதாகக் கையில் இருக்கும். அக்டோபர் 20-இல் வந்தாலோ, செப்டம்பர் சம்பளத்தில் மிஞ்சியதை வைத்துத்தான் கொண்டாட வேண்டும். இதோடு மழையும் சேர்ந்துகொள்கிறது. சிலாங்கூரில் ஆண்டின் கனமான மழை அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்கிறது. விடியலில் மழை பெய்தால் பால்மரம் சீவ முடியாது. சீவாத நாளில் பாலும் இல்லை, பாலின் எடைக்கு வரும் கூடுதல் காசும் இல்லை. செலவு உச்சத்தைத் தொடும் மாதத்திலேயே வரவு இறங்குவது ரப்பர்த் தோட்டக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்த துன்பம். செம்பனைக் குலை வெட்டுவோருக்கும் சேறும் வெள்ளமும் வேலை நாளைத் தின்றுவிடும்.

இந்த இடைவெளியை அடைக்கும் வழிகளில் பழமையானது தீபாவளி முன்பணம். தோட்ட நிர்வாகம் பண்டிகைக்கு முன்பே ஒரு தொகையைக் கொடுத்து, அடுத்தடுத்த சம்பளங்களில் பிடித்துக்கொள்ளும். சட்டம் இதற்கு மூன்று வேலிகள் போட்டிருக்கிறது. சாதாரணமாக, ஒரு மாதத்தில் தரும் முன்பணம் அதற்கு முந்திய மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு வட்டி வாங்கக் கூடாது. எந்த மாதத்திலும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வட்டியில்லாக் கடன் என்பதால், தோட்டக் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய பணத்தில் இதுவே மலிவானது. இதன் சுமை பிறகு தெரியும். 1,700 ரிங்கிட் சம்பளத்தில் சட்டம் அனுமதிக்கும் எல்லை வரை பிடித்தால், அந்த மாதம் மிஞ்சுவது 850.

அடுத்தது பெண்கள் நடத்தும் கூட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் நூறு ரிங்கிட் போட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஆயிரத்தை எடுத்துக்கொள்வார். தீபாவளிக்கு முந்திய முறைக்குத்தான் போட்டி அதிகம். இதில் கடன் என்ற பேச்சே இல்லை. முன்கூட்டியே சேர்த்த சொந்தக் காசு பண்டிகைக்குக் கைக்கு வருகிறது. ஆனால் கூட்டு பிடிப்பவர் பணத்தோடு மறைந்துவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை. இதைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டு கூட்டு நிதித் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஒருவரை ஒருவர் நன்கு அறிந்த அண்டை வீட்டாருக்குள் நிற்கும்வரைதான் கூட்டுக்குப் பலம். தோட்ட மக்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது உண்மையல்ல. 1960-இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், இதே தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணத்தில்தான் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது.

மூன்றாவது வழி அடகுக் கடை. தாயின் சங்கிலியோ காப்போ பண்டிகைக்கு முன் உள்ளே போகும். 1972-ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டப்படி வட்டி மாதம் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. மீட்க ஆறு மாதம் தவணை. ஆயிரம் ரிங்கிட்டுக்கு ஆறு மாதத்தில் 120 ரிங்கிட் வட்டி. மூன்று பிள்ளைகளில் ஒருவருடைய துணிச் செலவைவிட இது அதிகம். உரிமம் பெற்ற வட்டிக் கடைகளுக்கு, பிணை இல்லாத கடனில் ஆண்டுக்கு 18 விழுக்காடு உச்சவரம்பு. அந்த வரம்பைத் தாண்டி வாங்கும் ஆ லோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் பிள்ளை துணிக்காகப் போய் நிற்பது எந்தக் கணக்கிலும் நியாயப்படாது. அங்கே தொடங்கும் சிறு கடன் வீட்டை விட்டே ஓடவைத்த கதைகள் இந்த நாட்டில் ஏராளம். கடன் ஏற்கெனவே கழுத்தை நெரிக்கும் குடும்பங்களுக்கு, பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே கட்டணமின்றி ஆலோசனை தருகிறது.

புதிதாக வந்தவை இரண்டு. ஒன்று, கைப்பேசியிலேயே பொருளை எடுத்துக்கொண்டு மூன்று, ஆறு தவணைகளில் கட்டும் முறை. ஒவ்வொரு தவணையும் சிறிதாகத் தெரிவதால் நான்கைந்து வாங்கல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிவிடும். பழைய துணிக்காரர் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கடன் தாங்கும் என்று முகம் பார்த்தே நிறுத்திக்கொள்வார். செயலி அப்படி நிறுத்துவதில்லை. இன்னொன்று, 2024 மே மாதம் சேமநிதியில் திறக்கப்பட்ட நெகிழ்வுக் கணக்கு. சந்தாவில் பத்து விழுக்காடு அதில் சேர்கிறது. 50 ரிங்கிட் முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வட்டி கிடையாது என்பதால் இது இலவசப் பணம் போலத் தோன்றும். 2024-க்குச் சேமநிதி தந்த லாப ஈவு 6.3 விழுக்காடு. பண்டிகைக்கு எடுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும் அந்த ஈவை இழக்கிறது, அதுவும் ஓய்வுக்காலம் வரை ஆண்டுதோறும்.

துணியைத் தாண்டிய பரிசுகள் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு வந்த குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுகின்றன. பெற்றோர் ரவாங், செரண்டா தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். பிள்ளைகள் பல பின்னணி உள்ள சக மாணவர்களோடு படிக்கிறார்கள். ஒருவன் கையில் இருப்பது மற்றவன் கண்ணில் படுகிறது. விளம்பரமும் நேராகப் பிள்ளையிடமே பேசுகிறது. கனடாவின் கியூபெக் மாநிலம் 1980 முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் விளம்பரங்களைத் தடை செய்திருக்கிறது. சுவீடன் தொலைக்காட்சியில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அதே தடை உண்டு. அத்தகைய தடை இல்லாத இடத்தில், மறுக்கும் வேலை முழுவதும் தாய் தந்தை தலையில் விழுகிறது. அது எளிய வேலை அல்ல. நாள் முழுக்க வெளிக்காட்டில் உழைத்துவிட்டு வருபவருக்கு, பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுப்பதுதான் தன் அன்பைக் காட்ட மிஞ்சியிருக்கும் வழி என்று தோன்றுவதில் குற்றம் காண இயலாது.

விலையும் மகிழ்ச்சியும் ஒன்றாக ஏறுவதில்லை என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் மாணவர்களிடம் அவர்கள் பெற்ற கிறிஸ்துமஸ் பரிசுகளை மதிப்பிடச் சொன்னார். அன்பின் மதிப்பை ஒதுக்கிவிட்டுப் பொருளை மட்டும் பார்த்தபோது, கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வாங்கியவர் கணக்கில் காணாமல் போயிருந்தது. உறவு தூரமாக ஆக, இழப்பும் கூடியது. நெருங்கியவர் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் பொருந்தியது. பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய் அளவு பார்த்து வாங்கும் தீபாவளித் துணியில் இந்த இழப்புக்கு இடம் குறைவு. அவசரத்தில் வாங்கும் விலையுயர்ந்த விளையாட்டுச் சாமானில் இடம் அதிகம்.

அங்பாவ் உறையில் வைத்துக் கொடுக்கும் பணமும் இந்தக் கணக்கில் சேரும். சீனர்களின் வழக்கத்தை ஒட்டி மலேசியத் தமிழர் வீடுகளிலும் அது நிலைத்துவிட்டது. தீபாவளிக் காலையில் பிள்ளைகள் கூட்டமாக வீடு வீடாகப் போவதும், இரண்டு, ஐந்து ரிங்கிட் நோட்டுகள் உறையில் கிடைப்பதும் எல்லா இனப் பிள்ளைகளும் அறிந்த காட்சி. முப்பது பிள்ளைகள் வந்தால், ஐந்து ரிங்கிட் வீதம் 150 ரிங்கிட். கொடுத்த பணம் வேறொரு வீட்டுப் பிள்ளையிடம் போகிறது. அதே அளவு தன் பிள்ளையிடம் திரும்பி வரவும் செய்கிறது. அந்தப் பணம் அன்று மாலையே கடைக்குப் போகாமல், பிள்ளை பெயரில் சேமிப்புக் கணக்குக்குப் போனால் செலவு சேமிப்பாக மாறிவிடும். உயர்கல்விக்கான எஸ்எஸ்பிஎன் திட்டம் இருபது ரிங்கிட்டில் தொடங்கலாம். அதன் வரிச் சலுகை 1,700 ரிங்கிட் வாங்குபவருக்கு உதவாது, அவர் வருமான வரி கட்டுவதே இல்லை. கணக்கு மட்டும் உதவும்.

இறுதியாகப் பள்ளித் திறப்பு. 2022 முதல் சில ஆண்டுகள் பள்ளித் தவணை மார்ச் மாதத்திலும் 2025-இல் பிப்ரவரியிலும் தொடங்கியதால், தீபாவளிக்குப் பிறகு பெற்றோருக்கு மூச்சுவிட அவகாசம் இருந்தது. 2026 முதல் அது மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டது. 2025 தீபாவளிக்கும் 2026 பள்ளித் திறப்புக்கும் இடையே பன்னிரண்டு வாரம்தான். சீருடை, காலணி, பை, பயிற்சி நூல், பேருந்துக் கட்டணம் என்று ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவில், மாணவருக்கு அரசு தரும் 150 ரிங்கிட் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். முன்பணப் பிடித்தமும் அடகு வட்டியும் கைப்பேசித் தவணையும் ஓடிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில் இது வந்து நிற்கிறது. ஆகவே தீபாவளிச் செலவையும் பள்ளிச் செலவையும் ஒரே கணக்காக, அக்டோபரிலேயே எழுதிப் பார்ப்பது பெற்றோர் கையில் இருக்கிறது. மற்றொன்று முதலாளிமார் கையில் இருக்கிறது. தீபாவளி அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வரும் ஆண்டுகளில், ஏழாம் தேதி வரை காத்திருக்காமல் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே தோட்டங்களும் தொழிற்சாலைகளும் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். 2026-இல் தீபாவளி நவம்பர் 8.