யார் பணத்தில் ஊழலை எதிர்ப்பது?

(கொல்லிமலை செம்மேட்டில் நடந்த இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழேயிருந்து வந்தவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்திருக்கிறீர்கள். இங்கே இருக்கிறவர்கள் சாதிச் சான்றிதழுக்காக அதே வளைவுகளில் இறங்குகிறார்கள். பழங்குடிச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் நாமக்கல்லில் இருக்கிற கோட்டாட்சியர். 'நாளைக்கு வா' என்று ஒரு அலுவலகத்தில் சொன்னால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி, சில நேரம் பிள்ளையின் கல்லூரி இடம். அந்தச் சொல்லைக் கேட்காமல் இருப்பதற்காகக் கொடுப்பதுதான் லஞ்சம். சாதிச் சான்றிதழ் தேவைப்படாதவர்களுக்கு இந்தச் செலவே கிடையாது. ஊழல் எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்கிறது என்று யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ஊழலை எதிர்க்கும் குடிமக்கள் அமைப்புகளுக்கு நிதி கொடுப்பது பற்றியது. 1996இல் உலக வங்கியின் தலைவராக இருந்த ஜேம்ஸ் வுல்ஃபன்சன் ஊழலைப் புற்றுநோய் என்றார். அதற்குப் பிறகு ஏழை நாடுகளின் தொண்டு நிறுவனங்களுக்கு இந்த வேலைக்கென்றே பணம் வருவது பெருகியது. பணம் வருவதை நான் எதிர்க்கவில்லை. தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய்தான் கட்டணம், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் பதில் வராமல் இரண்டாவது மேல்முறையீடு போனால் ஆணையம் சென்னையில். சாமை விதைக்கிறவர், மரவள்ளி பிடுங்குகிறவர் எத்தனை முறை போய்வர முடியும்? பணம் வேண்டும். அது யார் கைக்கு வருகிறது, எத்தனை காலத்துக்கு வருகிறது என்பதுதான் என் கேள்வி.

சித்தேரி மலை அடிவாரத்தில், அரூர் பக்கத்தில் வாச்சாத்தி. அங்கே இருப்பதும் இந்த மலையில் இருக்கிற அதே மலையாளிப் பழங்குடி மக்கள்தான். (பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைக்கும் நகரத்துத் தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை பதுக்கியதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். சந்தனம் இத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்டி எப்படி வெளியே போனது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு யாரோ. அடி வாங்கியது ஊர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29 அன்று. அவர்களுடைய மேல்முறையீட்டை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று.

முதல் தீர்ப்புக்குப் பத்தொன்பது ஆண்டுகள். உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு முப்பத்தொன்று. நிதி நிறுவனங்கள் தரும் 'புராஜெக்ட்' எத்தனை காலம்? ஓராண்டு, நீண்டால் மூன்றாண்டு. வாச்சாத்தி வழக்கு அப்படி ஒரு புராஜெக்டாக இருந்திருந்தால், சாட்சிகளை விசாரிக்கும் முன்பே இறுதி அறிக்கை எழுதி, புகைப்படம் ஒட்டி, கோப்பை மூடியிருப்பார்கள். அந்த வழக்கை நிறுத்தாமல் கொண்டுபோனவர்கள் அந்தப் பெண்கள். கூட நின்றது மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும். கட்சியைப் பற்றி நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். ஆனால் சங்கத்துக்கு மார்ச் 31ஆம் தேதியோடு நிதியாண்டு முடிந்து கதவு அடைபடுவதில்லை.

ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை என்று முடிவெடுத்த அமைப்பு. 1996இல் பியாவரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். பந்தலுக்குத் தானியம் கிராமத்து வீடுகளிலிருந்து வந்தது. செலவுக் கணக்கைக் காட்டு, பெயர்ப் பட்டியலைக் காட்டு என்று கூலிக்காரர்கள் கேட்ட அந்தக் கேள்விதான் 2005இல் தகவல் உரிமைச் சட்டத்தில் போய் முடிந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு நிறுவனம் மலைக்கு வந்து ஊழல் விழிப்புணர்வுப் பயிற்சி நடத்தியது. பை, பேனா, தொப்பி எல்லாம் கொடுத்தார்கள். அந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு செலவு என்று ஒரு அக்கா எழுந்து கேட்டார். 'அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கும்மா' என்று பதில் வந்தது. அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, இயக்குநர் சமவெளிக்காரர், ஆதிக்க சாதி. மலை மக்கள் 'பயனாளிகள்' பட்டியலில் ஒரு எண்ணிக்கை. பஞ்சாயத்து அலுவலகத்தில் கிடைக்கிற அதே பதிலை ஊழல் ஒழிப்பு நிறுவனத்திலும் வாங்குவதற்கு எதற்கு இத்தனை தூரம்?

அரசு இந்த விஷயத்தில் என்ன செய்தது? 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நன்கொடை பெறும் நிறுவனம் அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. கணக்கை டெல்லியில் ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் தொடங்க வேண்டும். பதிவு வேண்டுமானால் மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். வளப்பூர் நாட்டிலோ குண்டூர் நாட்டிலோ இருக்கிற ஒரு பெண்கள் குழு இதில் எங்கே நுழையும்? பெரிய நிறுவனம் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்.

கட்சிகளுக்கு மட்டும் அளவுகோல் வேறு. மேட்டூர் மால்கோ ஆலைக்கு இந்த மலையை வெட்டித்தான் பாக்சைட் போனது. மால்கோ வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்தது. அந்தக் குழும நிறுவனங்களிடம் காங்கிரசும் பாஜகவும் வாங்கிய நன்கொடை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியதற்கு முகாந்திரம் இருக்கிறது என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆறு மாதத்தில் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. எடுத்த நடவடிக்கை, சட்டத்தையே மாற்றியது. 2016இல் ஒரு திருத்தம், 2018இல் இன்னொன்று. பின்னது 1976 வரை பின்னோக்கிச் செல்லும். மலையைத் தோண்டியவர்களின் பணம் கட்சிகளுக்குச் செல்லலாம். தோண்டியதைக் கேள்வி கேட்கிற கிராமத்துக் குழுவுக்கு ஒரு டாலரும் பிரித்துத் தரக் கூடாது.

இன்னொரு நிதியும் உண்டு, நம்மில் பலர் கவனிக்காதது. நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கையில் கொடுத்தது. அந்தத் திட்டச் செலவில் அரை சதவீதம் வரை அதற்கு ஒதுக்கலாம் என்றும் வந்தது. ஆந்திராவில் கூலி வேலை பார்த்த குடும்பங்களின் படித்த பிள்ளைகளையே தணிக்கைக்கு எடுத்தார்கள். அம்மாவின் வேலை அட்டையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பொய்க் கையெழுத்து சட்டென்று தெரியும். இது யாரும் போடும் பிச்சை அல்ல, நம் வரிப்பணம். குறை என்னவென்றால், தணிக்கை அமைப்பு ஊரக வளர்ச்சித் துறையின் நிழலிலேயே நிற்கிறது. அந்தப் பிடியிலிருந்து அதை வெளியே எடுக்கச் சொல்லிப் போராடுவது, பத்து வெளிநாட்டு நிதி விண்ணப்பங்கள் எழுதுவதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

தனியாரோ வெளிநாட்டு அமைப்போ தருகிற பணத்தையும் வாங்கலாம். மூன்று நிபந்தனை வைப்போம். பத்தாண்டுக்குக் குறையாமல், சிறுகச் சிறுக, வழக்கறிஞர் செலவுக்கும் பேருந்துக்கும் இழந்த கூலிக்கும் வர வேண்டும். கையெழுத்திடும் உரிமை மலையில் இருக்கிறவர்களிடம், அதிலும் பெண்களிடம் இருக்க வேண்டும். வரவு செலவைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் படிக்க வேண்டும், தேநீர்ச் செலவு உட்பட.

நம் குழுவின் இந்த ஆண்டுக் கணக்கு நோட்டு அந்த மேசையில் இருக்கிறது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு இங்கேயே வரிவரியாகப் படிக்கிறோம். கேள்வி இருப்பவர்கள் பேருந்தைப் பிடிக்க ஓடாமல் இருங்கள்.